கொண்டைக்கடலையிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய சிற்றுணவகம் ஒன்றின் அடுப்படி உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து மாசி வரைக்கும் அந்தச் சாலையில் பல நாட்டு மொழிகள் கேட்கும். ஸ்பெயினிலிருந்தும் ஸ்பானியம் பேசும் பிற நாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஸ்பானிய உணவு சிலவற்றைக் கற்று உன் உணவுப் பட்டியலில் சேர்க்க ஆசைப்படுகிறாய். கூடவே ஒரு தயக்கமும் உனக்கு இருக்கிறது. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான ஹாமோன், சொரிஸோ தொத்திறைச்சி, இறாலும் சிப்பியும் பரப்பிய பாயேயா என்று உலகம் அறிந்த ஸ்பானிய உணவெல்லாம் அசைவம். கிரிவலப் பாதையில் சைவம் மட்டுமே சமைக்கும் கடையில் மிஞ்சுவது என்ன, அதை ஸ்பானிய உணவு என்று சொல்வது நேர்மையாகுமா என்பதே உன் தயக்கம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அசைவத்தை விலக்கிப் பார்த்தால் அந்தச் சமையலின் அடிமரம் கண்ணுக்குத் தெரியும். ரொட்டி, பயறு, எண்ணெய், பூண்டு என்ற நான்கின்மேல் நிற்கிற ஏழை வீட்டுச் சமையல் அது. ஹாமோனும் இறாலும் பின்னால் ஏறிக்கொண்ட கிளைகள். இந்த ஊர் உனக்கு விதித்திருக்கும் கட்டுப்பாடு, ஸ்பெயினில் பிறந்த சமையல் மாணவன்கூட முதலில் நுழைய வேண்டிய வாசலில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஹாமோன் இல்லாத ஸ்பெயினா என்று கேட்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும். ரோமர் காலத்திலிருந்தே அங்கே பன்றி உண்டு என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பானைகளிலும் அது இறங்கியதற்கு ருசியைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது. 711 முதல் 1492 வரை ஐபீரியத் தீபகற்பத்தின் ஒரு பகுதியோ மற்றொன்றோ இஸ்லாமிய ஆட்சியில் இருந்தது. யூதர்களும் நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மதம் மாறி ஊரிலேயே தங்கியவர்கள் உண்மையாகவே மாறினார்களா என்று திருச்சபையின் விசாரணை மன்றம் துருவிக்கொண்டே இருந்தது. அந்த விசாரணைகளில் சமையலறை ஒரு சாட்சி. இன்ன வீட்டில் பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக எண்ணெயில் சமைக்கிறார்கள், இன்னவள் பன்றி தொடுவதில்லை, வெள்ளிக்கிழமை மாலை ஏற்றிய பானை சனிக்கிழமை வரை தணலிலேயே இருக்கிறது என்றெல்லாம் அண்டை வீட்டார் சொன்ன வாக்குமூலங்கள் பதிவாகியிருக்கின்றன. தணலில் இரவெல்லாம் கிடந்த அந்தப் பானைக்கு அதஃபீனா என்று பெயர். ஓய்வு நாளில் தீ மூட்டக் கூடாத யூதர்கள், கொண்டைக்கடலையும் காய்களும் ஆட்டிறைச்சியும் முட்டையும் சேர்த்து முன்னிரவிலேயே ஏற்றிவைத்த உணவு. இன்று மாட்ரிட் நகரின் அடையாளமாக இருக்கும் கொஸீதோ என்ற கொண்டைக்கடலைக் குழம்பு அதன் வழிவந்தது என்பது உணவு வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதே பானைக்குள் பன்றி சேர்ந்தபோது அது நம்பிக்கையின் அத்தாட்சியாகவும் ஆயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதன் எதைத் தின்கிறான் என்பதைக் கொண்டு அவன் உயிருக்கே விலை பேசிய காலம் அது. இந்தச் செய்தியைச் சமையற்காரனாக நீ வாங்கிக்கொள்ள வேண்டிய விதம் ஒன்று உண்டு: பன்றி வருவதற்கு முன்னும் அந்தப் பானை முழுமையாக இருந்தது, அதன் நடுவில் கொண்டைக்கடலை இருந்தது.

இறைச்சியே இல்லாத பானையும் ஸ்பெயினுக்கு அந்நியமில்லை. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம், வெள்ளிக்கிழமைகள், திருநாள்களுக்கு முந்தைய நாள்கள் என்று பழைய கத்தோலிக்க நாட்காட்டியில் ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் இறைச்சி விலக்கு. அந்த நாள்களுக்கென்றே வளர்ந்தது பொதாஹே தெ விஹிலியா என்ற விரத நாள் குழம்பு: கொண்டைக்கடலை, பசலை வகைக் கீரை, வாங்க முடிந்த வீடுகளில் உலர்ந்த காட் மீன். மீனும் இறைச்சியும் சேராத உருளைக்கிழங்குக் குழம்பையும் முழுப் பயறுக் குழம்பையும் ஸ்பானியர் ‘வியுதாஸ்’ என்பார்கள்; துணையை இழந்தவர்கள் என்று பொருள். பெயரில் ஓர் ஏக்கம் இருக்கிறதே தவிர உணவில் குறை இல்லை. காஸ்தீயப் பகுதியில் அவை வீட்டுச் சமையலின் நிரந்தர உறுப்புகள். 1562இல் ஆவிலா நகரில் புனித தெரேசா தொடங்கிய சீர்திருத்தக் கார்மேல் மடத்தில், நோயுற்றவர்களைத் தவிர யாருக்கும் இறைச்சி கிடையாது. 1745இல் ஹுவான் அல்தமீராஸ் என்ற புனைபெயரில் அரகோன் பகுதிப் பிரான்சிஸ்கத் துறவி ஒருவர் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அரண்மனைச் சமையற்காரர்களின் நூல்களே நிறைந்திருந்த காலத்தில், கையில் காசில்லாத மடத்து அடுப்படிக்காக, கிடைப்பதைக் கொண்டு பலருக்குச் சமைப்பது எப்படி என்று எழுதியவர் அவர். ரமணாசிரமத்தின் தொடக்க ஆண்டுகளில் ரமண மகரிஷி விடியுமுன் எழுந்து காய் நறுக்கியதையும் துவையல் அரைத்ததையும், எதையும் வீணாக்க விடாததையும் அடியவர்கள் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். அந்த அடுப்படி இருந்த சாலையில் வேலை செய்கிற உனக்கு அல்தமீராஸ் அந்நியராக இருக்க முடியாது.

மடங்களை விட்டு வயலுக்கு வருவோம். இங்கேதான் ஸ்பானியச் சமையல் எனக்கு மிக அருகில் வருகிறது. கோடையில் தெற்கே அண்டலூஸியாவின் செவில்யாவும் கொர்தோபாவும் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். அந்த வெயிலில் கோதுமை அறுத்தவர்களும் ஒலிவத் தோப்பில் வேலை செய்தவர்களும் உயிர் தரிக்கக் குடித்தது காஸ்பாச்சோ. இன்று சிவப்பாகக் கண்ணாடிக் குவளையில் வரும் தக்காளிச் சாறு அதன் பிந்தைய வடிவம். மூல வடிவத்தில் காய்ந்த ரொட்டி, பூண்டு, உப்பு, ஒலிவ எண்ணெய், வினிகர், தண்ணீர் அவ்வளவே. உப்பும் புளிப்பும் நீரும் மாவுச்சத்தும் வெயிலில் உழைக்கிற உடம்புக்கு வேண்டியவை என்பதை நம் நீராகாரமும் ஆடி மாதக் கூழும் அறியும். அங்கே ரொட்டி, இங்கே சோறும் கேழ்வரகும். மலாகா, கிரனாடா பக்கத்தில் இதன் வெண்ணிற உறவு ஒன்று உண்டு. அஹோபிளாங்கோ என்று பெயர். 200 கிராம் தோலுரித்த பாதாமை ஒன்றிரண்டு பல் பூண்டோடும் உப்போடும் முதலில் நன்றாக அரை. அதில் பாதி எடை காய்ந்த ரொட்டியை நனைத்துப் பிழிந்து சேர்த்து மறுபடி அரை. பிறகு 100 மில்லி ஒலிவ எண்ணெயைக் கம்பி போல விட்டுக்கொண்டே அரைத்தால் விழுது வெண்ணெய் போலத் திரளும். வினிகரும், லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குளிர்ந்த நீரும் கடைசியில்தான். எண்ணெயை அவசரமாக ஊற்றினால் பிரிந்துபோய் மேலே மிதக்கும். அதன் பிறகு அதைக் காப்பாற்றுவது கடினம். மேலே நாலு பச்சைத் திராட்சை. கொர்தோபாவின் சால்மொரெஹோ இன்னும் எளிது. அந்த ஊர்க்காரர்கள் நிலைநிறுத்தியிருக்கும் அளவு ஒரு கிலோ தக்காளிக்கு 200 கிராம் ரொட்டி, 100 கிராம் எண்ணெய், ஒரு பல் பூண்டு, 10 கிராம் உப்பு. வழக்கமாக மேலே தூவும் முட்டையையும் ஹாமோனையும் நீ விட்டுவிடலாம். கிண்ணத்துக்குள் இருப்பது மாறாது.

ரொட்டி என்று சொல்லிவிட்டேன். உன் முதல் இடர் அதுதான். பேக்கரியில் கிடைக்கும் பால் ரொட்டியில் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். அதை நனைத்தால் கூழாகி இனிக்கும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதுவும் சேராத, மேலோடு தடித்த ரொட்டி வேண்டும். புதுச்சேரி இங்கிருந்து 100 கிலோமீட்டர் சொச்சம்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டிப் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. போய்க் கற்றுக்கொண்டு வந்து நீயே சுடுவது நல்லது. நேற்றைய ரொட்டியை வீணாக்காமல் இருக்க ஸ்பானிய இடையர்கள் கண்ட வழி மிகாஸ். முந்தைய இரவு ரொட்டியைப் பொடித்துத் தண்ணீர் தெளித்துத் துணியால் மூடிவைத்து, காலையில் பூண்டு பொரிந்த எண்ணெயில் உதிரி உதிரியாகும் வரை கிளறுவார்கள். மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா செய்யத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெளிக்கிற தண்ணீரின் அளவில் மட்டும் கவனம் வை, கூடினால் களியாகும்.

பட்டியலைப் பெருக்குவதைவிட நீ பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தச் சமையலின் செயல்முறை. அதில் மூன்று செயல்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் உன் கைக்கு ஏற்கெனவே பாதி தெரியும். முதலாவது சொஃப்ரிதோ. வெங்காயத்தை நிறைய எண்ணெயில் மிகச் சிறு தீயில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ வதக்கி, அது குழைந்து இனித்த பிறகு துருவிய தக்காளியைச் சேர்த்து, நீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை விடுவது. எண்ணெய் பிரியும் வரை என்பது நம் அடுப்படியிலும் அன்றாடம் புழங்கும் சொல்தான். வேறுபாடு பொறுமையில் இருக்கிறது. நாம் தீயைக் கூட்டி வெங்காயத்தைச் சிவக்க வைத்து, மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்து வேலையை முடிக்கிறோம். மசாலா ருசியைத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கை நமக்கு. அங்கே தூக்கிவிட மசாலா கிடையாது. வெங்காயத்தின் இனிப்பும் தக்காளியின் புளிப்பும் மட்டுமே அடித்தளம். அவசரப்பட்டால் குழம்பு முழுவதும் பச்சை வாடை அடிக்கும். இரண்டாவது மஹாதோ, கட்டலோனியாவில் பிகாதா. பூண்டு, எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டு, பாதாம், சில இடங்களில் சீரகம் ஆகியவற்றை உரலில் இடித்துக் குழம்பு வெந்து முடியும் தறுவாயில் கரைத்துவிடுவது. நாம் தேங்காயை அரைத்துவிடுவதன் இடத்தில் அது நிற்கிறது: குழம்பைக் கெட்டிப்படுத்தும், மணத்தைப் புதிதாக எழுப்பும். மூன்றாவதுதான் வெளியார் பலர் கவனிக்காதது. ஸ்பானியர்களுக்கும் தாளிப்பு உண்டு. எண்ணெயில் பூண்டுச் சீவலைப் பொன்னிறமாக்கி, வாணலியைத் தீயிலிருந்து இறக்கி, பிமெந்தோன் என்ற சிவப்பு மிளகாய்ப் பொடியைக் கலந்து, உடனே வெந்த உருளைக்கிழங்கின்மேலோ காலிஃபிளவரின்மேலோ ஊற்றுவார்கள். கலீஸியாவில் இதற்கு அஹாதா என்று பெயர். கடுகு வெடிப்பதற்காகக் காத்திருக்கும் நம் பழக்கத்தை இங்கே விட வேண்டும். பிமெந்தோன் சில நொடிகளில் கருகிக் கசக்கும். தீயின்மேல் இருக்கும்போது அதைப் போடவே கூடாது.

இந்த மூன்றும் ஒரே பாத்திரத்தில் சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் செவில்யாவின் கீரை கொண்டைக்கடலையைச் செய்து பார். அங்கே சிற்றுண்டிக் கடைதோறும் சிறு தட்டில் வருகிற உணவு அது. இரண்டு துண்டு ரொட்டியையும் நாலு பல் பூண்டையும் எண்ணெயில் பொரித்து எடு. சீரகம், உப்பு, கொஞ்சம் வினிகர் சேர்த்து அம்மியில் அரைத்து வை. அதே எண்ணெயைத் தீயிலிருந்து இறக்கி வைத்துப் பிமெந்தோன் கலந்து, உடனே கொஞ்சம் தக்காளி விழுதைச் சேர்த்து மறுபடி ஏற்றி வதக்கு. வெந்த கடலையையும், தனியே வதக்கிப் பிழிந்த கீரையையும் போட்டு, கடலை வெந்த நீரை விட்டு, கடைசியில் அம்மி விழுதைக் கரைத்து ஊற்று. சீரகமும் பூண்டும் கீரையும் கடலையும் உனக்குப் பழகியவை. ஆனால் தட்டில் வருவது நம் கூட்டும் அல்ல, வட இந்தியச் சன்னாவும் அல்ல. ரொட்டியும் வினிகரும் செய்கிற வேலை அது. புளி சேர்த்தால் என்ன என்று கேட்பாய். புளியின் புளிப்பு கனமாக அடியில் தங்கும். வினிகர் மூக்கில் ஏறி எண்ணெயின் பிசுக்கை வெட்டும். ஹெரெஸ் ஊர் வினிகர் கிடைக்காவிட்டால் பழத்திலிருந்து புளிக்கவைத்த எதையாவது வாங்கு. செயற்கை வினிகரை மட்டும் தொடாதே.

இப்போது ஒரு கடுமையான மறுப்பு வரும். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொலம்பஸ் முதல் பயணம் முடிந்து திரும்பிய 1493க்கு முன் ஸ்பெயினில் மிளகாய் கிடையாது, போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் நம்மிடமும் கிடையாது. மரபு என்பதே மாறிக்கொண்டிருப்பது என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே, வேர்க்கடலை எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டுவிட்டு ஸ்பானியம் என்று சொல்லலாமே என்பார்கள். மரபு மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எப்படி மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். புதிதாக வந்த ஒவ்வொரு பொருளும் அந்த அடுப்படியில் ஏற்கெனவே இருந்த ஒரு வேலையை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. தக்காளி ரொட்டிக் கரைசலில் சேர்ந்து புளிப்பின் பங்கை வாங்கிக்கொண்டது. பிமெந்தோன் நிறத்தையும் மணத்தையும் கொடுத்தது. ஆகவே ஒரு பொருளை மாற்றுமுன் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேள். லா வேரா பள்ளத்தாக்கில் இலையுதிர் காலத்தில் மழை பெய்வதால் மிளகாயை ஓக் விறகுப் புகையில் இரு வாரம்போல உலர்த்துகிறார்கள். புகை மணம் அப்படி வந்தது. வெயில் நிறைந்த மூர்ஸியாவில் அதே மிளகாய் வெயிலில் காய்கிறது, புகை வாடை இல்லை. எனவே நிறம் மிகுந்து காரம் குறைந்த பியாடகி மிளகாயை விதை நீக்கி நைசாக இடித்து வைத்துக்கொண்டால் மூர்ஸியாவின் பக்கம் நிற்கிறாய். அதில் பொய் இல்லை. நம் குண்டு மிளகாய் ஆகாது. ஸ்பானிய உணவு காரமானதல்ல; மெக்ஸிகோ உணவோடு அதைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் காரத்தை எதிர்பார்ப்பார்கள். மெக்ஸிகோவில் தோர்த்தியா மக்காச்சோள ரொட்டி, ஸ்பெயினில் அது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தடித்த அடை என்பதை உன் பரிமாறுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடு.

ஒலிவ எண்ணெய் விலை அதிகம் என்பது நியாயமான முறையீடு. பொரிப்பதற்கு மணமில்லாத வேறு எண்ணெயைப் பயன்படுத்து; ஸ்பெயினிலும் பல வீடுகளில் சூரியகாந்தி எண்ணெயில் பொரிக்கிறார்கள். பச்சையாக ஊற்றும் இடங்களில் விட்டுக்கொடுக்காதே. சால்மொரெஹோவிலும் தக்காளி தேய்த்த ரொட்டியிலும் எண்ணெய்தான் உணவு. உலகிலேயே அதிகமாக ஒலிவ எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின். ஹாயேன் மாவட்டத்தின் மலைச்சரிவெல்லாம் ஒலிவ மரங்கள். பெயருக்குக் கலந்த மலிவான எண்ணெயை வாங்குவதைவிட அந்தப் பண்டத்தைச் செய்யாமல் விடுவது மேல். பாதாம் விலையும் அப்படித்தானே என்றால், அங்கே எனக்கு இளக்கம் உண்டு. பாதாம் வாங்க முடியாத அண்டலூஸிய வீடுகளில் அஹோபிளாங்கோவை உலர்ந்த அகன்ற அவரை மாவில் செய்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் வேர்க்கடலை விளையும் மண். வறுக்காத வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஊறவைத்து அரைத்து ஒரு வெண்சாறு செய்து பார். பட்டியலில் மட்டும் ‘வேர்க்கடலை அஹோபிளாங்கோ, நம் ஊர் வழி’ என்று எழுது. பூண்டு விஷயத்தில் வழியே இல்லை. உன் முதலாளி வெங்காயம் பூண்டு சேர்க்காத கடைதான் நடத்துவேன் என்றால் அவர் விருப்பத்தை மதித்து ஸ்பானியச் சமையலைக் கைவிடு; பூண்டில்லாமல் பெருங்காயத்தை வைத்து அதை ஒப்பேற்ற முடியாது.

முட்டைக்கு நிலைமை வேறு. உருளைக்கிழங்குத் தோர்த்தியாவைப் பற்றி 1798இலும் 1817இலும் ஸ்பானிய ஆவணங்கள் பேசுகின்றன. இரண்டிலும் அது வறியவர்களின் உணவாகவே தென்படுகிறது. முட்டை சேர்க்காத கடையில் அதற்கு இடமில்லை என்று முடிவுகட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள். உள்நாட்டுப் போர் முடிந்த பஞ்ச காலத்தில், 1941இல், இக்னாஸி தொமெனெக் என்ற புகழ்பெற்ற சமையற்கலைஞர் கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கும் சமையல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முட்டையும் உருளைக்கிழங்கும் இரண்டுமே இல்லாத தோர்த்தியா அதில் உண்டு; ஆரஞ்சுத் தோலுக்கடியில் இருக்கும் வெண்பகுதி கிழங்குக்குப் பதில், மாவுக் கரைசல் முட்டைக்குப் பதில். பசி எவ்வளவு கொடியதாக இருந்திருந்தால் ஒரு பெரிய கலைஞர் உட்கார்ந்து அதை எழுதியிருப்பார் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. இன்று ஸ்பெயினிலேயே முட்டை உண்ணாதவர்கள் கடலை மாவைக் கரைத்துத் தோர்த்தியா செய்கிறார்கள். கடலை மாவு உன் கைக்கு வசப்பட்ட பொருள். பஜ்ஜி மாவைவிட நீர்க்கக் கரை. பெருங்காயம், ஓமம் பக்கம் போகாதே. கிழங்கை மொறுமொறுப்பாக வறுக்காமல் எண்ணெயில் மென்மையாக வேகவைத்து வடித்து, சூட்டோடு கரைசலில் ஊறவிட்டு, பிறகு தட்டு வைத்துத் திருப்பிப் போட்டு இருபுறமும் வேகவை.

பாயேயாவை வேண்டுமென்றே இவ்வளவு தள்ளி வைத்தேன். வருகிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். நீ முதலில் செய்யக் கூடாததும் அதுதான். பாயேயா என்றால் வாலென்ஸியா மொழியில் வாணலி. வாலென்ஸியா நகரின் தெற்கே அல்புஃபேரா காயலைச் சுற்றிய வயல்களில் விளைந்த குட்டை அரிசியும், வயலோரம் கிடைத்த முயலும் கோழியும் பயறும் சேர்ந்த பகல் உணவு அது. 2021இல் வாலென்ஸியா அரசு அதைத் தன் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்தது. 2016இல் பிரிட்டன் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் அதில் சொரிஸோ சேர்த்தபோது ஸ்பெயினில் எழுந்த கூச்சல் உலகச் செய்தியானது. கண்டதைப் போட்டுச் சமைத்ததை வாலென்ஸியாக்காரர்கள் ‘பொருள்கள் போட்ட அரிசி’ என்று தள்ளிவிடுவார்கள். பாயேயா என்ற பெயரைச் சூட்டி மஞ்சள் தூவிய காய்கறிப் பிரியாணியைப் பரிமாறாதே. காய்கறி அரிசி என்று எழுதினால் போதும். மூர்ஸியாத் தோட்டப் பகுதிகளில் அது வீட்டுச் சமையல். நாம் சோற்றின்மேல் குழம்பை ஊற்றுகிறோம், அவர்கள் குழம்பை அரிசிக்குள் ஏற்றுகிறார்கள். அகன்ற தட்டை வாணலியில் விரற்கடை உயரத்துக்கு மேல் அரிசி நிற்கக் கூடாது. கொதிக்கும் சாற்றில் அரிசியைப் பரப்பிய பின் கரண்டி போடவே கூடாது. அடியில் பிடிக்கிற பொன்னிறப் பொருக்கு தவறல்ல, அதற்காகத்தான் இவ்வளவும். வாலென்ஸியாவில் கரோஃபோ என்று கொண்டாடும் பெரிய வெள்ளைப் பயறு நம் சந்தையில் டபுள் பீன்ஸ் என்று விற்பதன் இனமே. அதைப் போடு, அதோடு அவரைக்காய், தக்காளி, உண்மையான குங்குமப்பூ. சீரகச் சம்பா சிறுமணிதான், ஆனாலும் அதன் சொந்த மணம் சாற்றை மறைக்கும். மணமில்லாத குட்டைப் பச்சரிசிகளில் சிலவற்றை வாங்கி, தண்ணீர் அளவை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார். ஓராண்டு ஆகலாம்.

நம் ஊரில் இட்லியும் பொங்கலும் இருக்க இதெல்லாம் எதற்கு என்று உன் வீட்டிலேயே கேட்பார்கள். தூர தேசத்திலிருந்து வருகிறவர் நம் உணவைத்தானே தேடுவார் என்பதும் பாதி உண்மை. ஒரு வாரம் தங்குபவருக்கு அது போதும். மூன்று நான்கு மாதம் தங்குபவர் ஒரு நாளாவது தன் வீட்டுச் சாப்பாட்டை நினைப்பார். உடம்பு சரியில்லாத நாளில் அதிகமாக நினைப்பார். அந்த நாளில் அவருக்கு வேண்டியது விருந்து உணவாக இருக்காது. பயறுக் குழம்பும் பூண்டு ரொட்டியும்தான். இன்னொரு காரணம் உன்னைப் பற்றியது. தேங்காயும் புளியும் மசாலாவும் இல்லாமல் ஒரு பானையை ருசியாக்கத் தெரிந்துகொண்டவன் திரும்பிவந்து வைக்கிற சாம்பாரிலும் அந்தப் பொறுமை தெரியும். இரண்டு சமையல்களும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை. ஸ்பானியத்தில் சர்க்கரைக்கு அஸூகார், ஆரஞ்சுக்கு நரான்ஹா. இரண்டும் அரபி வழியாக இந்தியாவிலிருந்து போன சொற்கள். பின்னதற்கு நம் நாரத்தையோடு உறவுள்ள திராவிட மூலத்தைச் சொல்லாய்வாளர் பலர் காட்டுகிறார்கள். பாலும் அரிசியும் சேர்ந்த அரோஸ் கோன் லேச்சேயை நீ பார்த்தவுடனே பாயசம் என்பாய்; ஏலக்காய்க்குப் பதில் எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்டு, கெட்டியாகும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இனிப்பு வகையில் இப்போதைக்கு அது ஒன்று போதும்.

ஓர் எச்சரிக்கை: காஸ்பாச்சோ, அஹோபிளாங்கோ போலப் பச்சையாக அரைத்துப் பரிமாறுகிறவற்றுக்குக் கொதித்து ஆறிய நீரைத் தவிர எதையும் பயன்படுத்தாதே. பௌர்ணமிக் கூட்டத்தன்று அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதே.

தொடக்கத்துக்குக் கடலை. பெரிய வெள்ளைக் கொண்டைக்கடலையாகப் பார்த்து வாங்கு. சுண்டலுக்குப் போடும் சிறு கறுப்புக் கடலை இதற்குச் சரிவராது. இன்றிரவே உப்பிட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடு. காலையில் வடித்து, ஏற்கெனவே சூடேறிய நீரில் போடு. மற்றப் பயறுகளைக் குளிர்ந்த நீரில் ஏற்றுகிற ஸ்பானியர், கொண்டைக்கடலைக்கு மட்டும் சுடுநீர்தான் என்று விடாப்பிடியாக இருப்பார்கள். குக்கரை ஒதுக்கிவிட்டு அடிகனமான பாத்திரத்தில் ஏற்று. ஒரு முழு வெங்காயம், தோலோடு ஒரு முழுப் பூண்டு, பிரிஞ்சி இலை ஒன்று, கொஞ்சம் எண்ணெய். நுரையை எடுத்துவிட்டு, மேற்பரப்பு இலேசாக நடுங்கும் அளவுக்குத் தீயைக் குறை. நடுவில் நீர் குறைந்தால் கொதிநீரையே ஊற்று. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒன்றை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்து. தோல் பிரியாமல் உள்ளே வெண்ணெயாக நசுங்கினால் இறக்கு. வெந்த நீரைக் கொட்டிவிடாதே, கீரைக்கு அது வேண்டும்.

அன்புடன்.